லிட்டில் இந்தியா மளிகைக் கடைகள் சேர்ந்து சரக்கு எடுக்க

தீபாவளிக்கு எட்டு வாரம் முன்பே பினாங்கு லிட்டில் இந்தியாவின் மளிகைக் கடைக்காரர்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்து பேசுங்கள். அதற்கு மேல் கூடினால் முடிவு இழுக்கும். மிளகாய், மல்லி, சீரகம் போன வருடம் எத்தனை கிலோ போனது என்று பில்லைப் பார்த்தே சொல்லுங்கள். வாய்க்கணக்கு பெரும்பாலும் கூடிவிடும். மிஞ்சிய மூட்டையில் வண்டு விழும்.

கடைப் பையன்களை முதலில் பேச விடுங்கள். எதைக் கேட்டு வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்பினார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். புதுச் சரக்குக்கான யோசனை அங்கேதான் பிறக்கும். ஐந்து கிலோ வாங்கிச் சோதித்துப் பாருங்கள்.

விற்பனை விலையை மட்டும் சேர்ந்து நிர்ணயிக்கவே கூடாது. மலேசியாவின் 2010 போட்டிச் சட்டம் அதைத் தடை செய்கிறது. யாருக்கு எத்தனை மூட்டை என்பதை அன்றே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். முன்பணம் கைக்கு வந்த பிறகே ஆர்டர்.