வைஃபை அமைப்புத் தகவல் பகிர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைஃபை மெதுவாக இருக்கிறது என்றதும் பலரும் இணைய இணைப்பைத்தான் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் பல இடங்களில் சிக்கல் வீட்டு வாசலுக்கு உள்ளேயே இருக்கிறது. "என் பெயர் இது, என் பாதுகாப்பு முறை இது, இந்த வேகங்களில் பேசலாம்" என்று கருவிகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் அமைப்புத் தகவலே காற்றை நிரப்பிவிடுகிறது. ஒரு சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். தேவையில்லாமல் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் எதுவும் உங்கள் வீடியோ அழைப்புக்குக் கிடைக்க வேண்டிய நேரத்தைத்தான் தின்கிறது.

இந்தத் தவறுகளில் முதலிடம் நெட்வொர்க் பெயர்களைப் பெருக்குவதற்கு. ஊழியர்களுக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, பிரின்டருக்கு ஒன்று என்று வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னலைப் பரப்பும் கருவி, வீடுகளில் பெரும்பாலும் ரவுட்டரே) தனித்தனியாக பீக்கான் என்ற அறிவிப்பை அனுப்பியாக வேண்டும். வழக்கமான இடைவெளி 102.4 மில்லிவிநாடி, அதாவது விநாடிக்குக் கிட்டத்தட்ட 10 முறை. பீக்கானை எல்லாக் கருவிகளும் கேட்க வேண்டும் என்பதால் அது மிகக் குறைந்த வேகத்தில் போகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்த வேகம் பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 10 லட்சம் பிட்).

கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 பைட் பீக்கான் ஒன்று அந்த வேகத்தில் போய்ச்சேர ஏறத்தாழ 2.6 மில்லிவிநாடி ஆகும். ஒரு பெயருக்கே சேனலின் நேரத்தில் 2.5 சதவீதம் போய்விடுகிறது. ஒரே சேனலில் 3 அக்சஸ் பாயின்ட், ஒவ்வொன்றிலும் 4 பெயர் என்றால் 30 சதவீதம். ஒருவரும் எதையும் தரவிறக்கம் செய்யாத நள்ளிரவிலும் இந்தச் செலவு ஓடிக்கொண்டே இருக்கும். அதே பீக்கானை 6 எம்பிபிஎஸ்ஸில் அனுப்பினால் பெயருக்கு அரை சதவீதம்கூட ஆகாது. ஆகவே பெயர்களை இரண்டு மூன்றாகச் சுருக்குங்கள், குறைந்தபட்ச வேகத்தை உயர்த்துங்கள். ஒன்று மட்டும் கவனம்: மிகப் பழைய கருவி ஏதாவது அந்தக் குறைந்த வேகத்தையே நம்பியிருந்தால் அது இணைப்பை இழந்துவிடும். முதலில் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

பெயர் என்றதும் இன்னொன்று. தமிழில் பெயர் வைக்க முடியும், நல்ல விஷயம்தான். ஆனால் வரம்பு 32 பைட். எழுத்து, கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் ஆகும் என்பதால் 'வரவேற்பறை' 27 பைட்டில் அடங்கிவிடும், 'விருந்தினர்' 33 ஆகி ஒரு பைட்டில் வெளியே நின்றுவிடும்.

பெயரை மறைத்துவைத்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் தவறு. பீக்கான் அப்போதும் போகத்தான் செய்யும், பெயர் மட்டும் அதில் இருக்காது. அதனால் உங்கள் போன்தான் "இந்தப் பெயர்க்காரர் இருக்கிறாரா?" என்று பெயர் சொல்லித் தேட வேண்டியதாகிறது. வெளியே போகும் இடங்களிலும் அது அப்படிக் கேட்கக்கூடும். காற்றும் வீண், பெயரும் ரகசியமில்லை.

சொன்னதையே சொல்வதைக் குறைக்கும் வழியைத் தரநிலை எழுதியவர்களே யோசித்திருக்கிறார்கள். வைஃபைக்கான 802.11 தரநிலையில் 2016-இல் வந்த ஒரு திருத்தத்தில், அக்சஸ் பாயின்ட் தன் அமைப்புக்கு ஒரு வரிசை எண் வைத்துக்கொள்ளும். அமைப்பு மாறினால் எண்ணும் மாறும். முன்பே பழகிய கருவி தன்னிடம் உள்ள எண்ணைச் சொல்லிக் கேட்கும். எண் ஒத்துப்போனால் முழு விவரத்தையும் மறுபடி ஒப்பிக்காமல் சுருக்கமான பதிலே போதும். எல்லாக் கருவிகளிலும் இந்த வசதி இருக்காது. ஆனாலும் மாறியதை மட்டும் சொல் என்ற இந்த யோசனையை நம் அமைப்பிலும் பின்பற்ற வேண்டும் என்பதே என் கருத்து.

டிஹெச்சிபி குத்தகை நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் தானாக ஐபி முகவரி கொடுக்கும் முறைதான் டிஹெச்சிபி, அந்த முகவரி செல்லும் காலம்தான் குத்தகை. முகவரியை 5 நிமிடக் குத்தகைக்குக் கொடுத்தால், கருவி பாதி நேரத்திலேயே, அதாவது இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை, புதுப்பிக்கக் கேட்கும். விருந்தினர் வந்து போகும் இடத்தில் பல நாள் குத்தகை வைத்தால் முகவரிகள் தீர்ந்துபோகும். அங்கே ஓரிரு மணி நேரம், நிலையான கருவிகளுக்கு ஒரு நாள் என்று வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். அப்புறம், சிக்னல் போதவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றைக் கூடுதலாகச் செருகும்போது அதன் டிஹெச்சிபியை அணைக்க மறக்கவே கூடாது. ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பேர் முகவரி கொடுத்தால் சில போன்கள் இயங்கும், சில இயங்காது. காரணம் தேடியே ஒரு நாள் போய்விடும்.

பிரின்டர், டிவி போன்றவை தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் எம்டிஎன்எஸ் செய்திகள் 224.0.0.251 என்ற குழு முகவரிக்குப் போகின்றன. இவற்றை அக்சஸ் பாயின்ட் பெரும்பாலும் குறைந்த வேகத்தில்தான் பரப்பும். நூற்றுக்கணக்கான கருவிகளை ஒரே நெட்வொர்க்கில் விட்டால் இந்த அறிமுகப் பேச்சே சுமையாகிவிடும். அதற்காக ஒட்டுமொத்தமாகத் தடுத்தால் பிரின்டர் கண்ணுக்கே தெரியாது. நெட்வொர்க்கைப் பிரித்து, தேவையான சேவையின் அறிவிப்பை மட்டும் கடத்தும் எம்டிஎன்எஸ் கேட்வேயை இடையில் வைப்பதுதான் சரி.

பாஸ்வேர்டைப் பகிர்வதில் செய்யும் தவறுதான் மிகவும் ஆபத்தானது. பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஓர் எண்ணைக் கொடுத்து இணையும் டபிள்யூபிஎஸ் பின் முறையை இன்றும் அணைக்காமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 8 இலக்கம், பார்க்கப் பத்துக் கோடி வாய்ப்பு. ஆனால் ரவுட்டர் முதல் 4 இலக்கத்தைத் தனியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமோ வெறும் சரிபார்ப்பு எண். ஆக 11,000 முயற்சியில் உடைந்துவிடும். 2011-இலேயே இது வெளிவந்துவிட்டது. சுவரில் ஒட்டும் வைஃபை க்யூஆர் குறியீடும் கவனிக்க வேண்டியது, பாஸ்வேர்டு அதில் அப்படியே எழுதப்பட்டிருக்கும். விருந்தினர் நெட்வொர்க்குக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். 2018-இல் அறிமுகமான வைஃபை ஈஸி கனெக்ட் முறையில், புதிய கருவியின் க்யூஆர் குறியீட்டில் இருப்பது பாஸ்வேர்டு அல்ல, அதன் பொதுச் சாவி, அதாவது யார் பார்த்தாலும் பாதகமில்லாத சாவி. அதைப் படம் பிடித்தவருக்கும் உங்கள் பாஸ்வேர்டு கிடைக்காது. புதிதாக வாங்கும் ரவுட்டர் இதற்கு ஒத்துழைக்கிறதா என்று பெட்டியின் மேலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.