டியூன் செய்த டர்போ காரில் எத்தனால் பெட்ரோல்: வடசென்னையில் பன்னிரண்டு மாதமும் ஓட்டும் முறை

டர்போ காரை ரீமேப் (இன்ஜின் கணினியில் உள்ள ‘மேப்’ என்ற கணக்கை மாற்றி எழுதுவது) செய்துகொண்டவர்கள் எத்தனாலைப் பற்றிப் பேசத் தொடங்கினால், குதிரைத்திறன் எவ்வளவு கூடும் என்பதில்தான் பேச்சு போய் நிற்கும். தண்டையார்பேட்டையில் குடியிருந்துகொண்டு, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தபடி, ரீமேப் செய்த ஒரு லிட்டர் டர்போ இன்ஜினைச் சில ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். அந்த அனுபவத்தில் என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வி இதுதான்: இப்போது டேங்கில் இருக்கும் பெட்ரோலில் எத்தனால் எத்தனை சதவீதம், அடுத்த முறை நிரப்பும்போதும் அது அவ்வளவே இருக்குமா? இதற்கு விடை தெரிந்தால் மற்ற வேலைகள் எல்லாம் கணக்கு. தெரியாவிட்டால் எவ்வளவு நல்ல டியூனர் கைவைத்தாலும் அது ஊகம்.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். தூய பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே அதே காற்றுக்கு எத்தனால் கலந்த பெட்ரோலை அதிகமாகத் தெளிக்க வேண்டியிருக்கிறது. 20 சதவீதம் கலந்த இ20க்கு இந்த விகிதம் 13.5க்கு அருகில் வரும்; எத்தனால் இல்லாத பெட்ரோலைவிட 7 முதல் 8 சதவீதம் கூடுதல் அளவு எரிபொருள் இன்ஜெக்டர் வழியே செல்ல வேண்டும். சாதாரணக் காருக்கு இது பெரிய மாற்றமன்று. பூஸ்டை, அதாவது டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் கூட்டி, இன்ஜெக்டர்களை ஏற்கெனவே 85 சதவீத நேரம் திறந்துவைத்திருக்கும் காருக்கோ அந்த எண் 91ஐத் தொட்டுவிடும், அதற்குமேல் கொடுக்க இடமில்லை. மிதவேகத்தில் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூ (இன்ஜின் கணினி) தானாகத் திருத்திக்கொள்ளும். முழு ஆக்சிலரேட்டரில், முழு பூஸ்டில், பல கார்களில் அந்தத் திருத்தம் நடப்பதில்லை, பழகிவைத்த எண்ணை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தெளிக்கும். பிஸ்டன் உருகுவது இந்த இடத்தில்தான்.

மறுபக்கம் எத்தனாலின் நன்மையும் உண்மையானது. ஒரு கிலோ எத்தனால் ஆவியாகும்போது உறிஞ்சும் வெப்பம், பெட்ரோல் உறிஞ்சுவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கும் இன்ஜினில் இந்தக் குளிர்ச்சி முழுமையாகக் கிடைக்கிறது. எத்தனாலின் ஆக்டேன் மதிப்பும் ரான் (ஆக்டேனை அளக்கும் ஒரு முறை) கணக்கில் 108 அளவில் இருப்பதால் நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை தானாக வெடித்துத் தட்டுவது) தள்ளிப்போகிறது. இ20க்கு இந்தியத் தர நிர்ணயம் 95 ரான் கேட்பதற்கும் இதுவே அடிப்படை. கத்திரி வெயிலில் மணலி விரைவுச் சாலையில் லாரிக்குப் பின்னால் இருபது நிமிடம் நின்று, டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறி, பிறகு ஒரு இடைவெளியில் முந்தும்போது இந்தக் குளிர்ச்சியின் அருமை தெரியும். ஆனால் அந்தக் கூடுதல் ஆக்டேனைக் கையிருப்பாக வைத்துக்கொள்வதே நல்லது. இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விடும் நேரத்தை) அதன் கடைசிப் பாகை வரை முன்னே தள்ளிச் செலவழித்துவிட்டால், எத்தனால் குறைந்த ஒரு டேங்க் பெட்ரோல் வரும் நாளில் காப்பாற்ற எதுவும் இருக்காது.

ஆகவே அளந்து பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். அளவுக் குறி போட்ட, மூடியுள்ள 100 மில்லி கண்ணாடிக் குழாய் ஒன்று ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். அதில் 50 மில்லி தண்ணீர் ஊற்றி (கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை சேர்த்தால் கோடு தெளிவாகத் தெரியும்), அதன்மேல் 50 மில்லி பெட்ரோல் ஊற்றி, மூடி, மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து ஒரு நிமிடம் கலக்கி, இடையிடையே மூடியைத் தளர்த்தி ஆவியை வெளியே விட்டு, பத்து நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். 50இல் இருந்த கோடு 60க்கு ஏறியிருந்தால், 50 மில்லி பெட்ரோலில் 10 மில்லி எத்தனால் இருந்தது, அதாவது 20 சதவீதம். ஒவ்வொரு மில்லிக்கும் 2 சதவீதம் என்பதால் இது துல்லியமான கருவியன்று. இருந்தாலும் இ10க்கும் இ20க்கும் உள்ள வேறுபாட்டைத் தவறவிடாது. மொட்டைமாடியில், நிழலில், அடுப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். சோதித்த பெட்ரோலை டேங்கில் திருப்பி ஊற்றவோ சாக்கடையில் கொட்டவோ வேண்டாம். மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்துவைத்து மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம்.

வழக்கமாக நிரப்பும் ஒரே பெட்ரோல் பங்கில் தொடர்ந்து நான்கு முறை நிரப்பி, நான்கு முறையும் இப்படி அளந்து, தேதியோடு எழுதிவைத்த பிறகே டியூனரிடம் போங்கள். பல பங்குகளில் மாறிமாறி நிரப்பும் பழக்கத்தை ரீமேப் செய்தவர் விட்டுவிட வேண்டும். இன்னொரு பழக்கமும் இங்கே பரவலாக இருக்கிறது: வார நாட்களில் இ20, ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு எக்ஸ்பி100. அந்த 100 ஆக்டேன் பெட்ரோல் எத்தனால் கலக்காமல் வருவது. பாதி டேங்க் இ20 மேல் அதைப் பாதி ஊற்றினால் டேங்கில் இருப்பது இ10. ஈசியூ பழகிவைத்த திருத்தம் இ20க்கானது. அது புதிதாகப் பழகுவதற்குள் திங்கட்கிழமை மறுபடி இ20 வந்துவிடும். விலை உயர்ந்த பெட்ரோல் கெடுதல் என்பதன்று. ஏதாவது ஒன்றைத் தேர்ந்து, அதற்கே மேப் எழுதி, அதிலேயே இருக்க வேண்டும்.

இப்படி இருக்க முடியாதவர்களுக்கு உண்மையான தீர்வு ஃப்ளெக்ஸ் சென்சார். பெட்ரோல் குழாயில் இணைக்கும் இந்தச் சென்சார், வழியே ஓடும் எரிபொருளின் எத்தனால் அளவை அதிர்வெண்ணாகச் சொல்லும். பரவலாகக் கிடைக்கும் வகையில் எத்தனால் இல்லாதபோது 50 ஹெர்ட்ஸ், முழு எத்தனாலுக்கு 150 ஹெர்ட்ஸ். இ20 என்றால் 70 காட்ட வேண்டும். அந்த எண்ணைப் படித்து எரிபொருள், டைமிங், பூஸ்ட் மூன்றையும் நகர்த்தும் திறன் உங்கள் ஈசியூவுக்கோ கூடுதல் பெட்டிக்கோ இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வெறுமனே டாஷ்போர்டில் எண் காட்டுவதற்கென்றால் கண்ணாடிக் குழாயே போதும். காசிமேட்டுக் கடற்காற்று எந்த மின் இணைப்பையும் இரண்டு மழைக்காலத்துக்குள் பச்சை பூக்கவைத்துவிடும் என்பதால், சென்சாரின் கனெக்டருக்குள் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவாமல் பூட்டக் கூடாது.

டியூனரிடம் கேட்க வேண்டியவை சில. கலவை விகிதத்தை லாம்ப்டா அளவிலேயே பேசச் சொல்லுங்கள், 14.7, 12.5 என்ற பெட்ரோல் எண்கள் எத்தனால் சேரும்போது குழப்பும், லாம்ப்டா 1 என்றால் எரிபொருள் முழுதாக எரியத் தேவையான காற்று சரியாக இருக்கிறது என்று பொருள், அது எந்த எரிபொருளுக்கும் 1தான்; 1க்குக் கீழே என்றால் எரிபொருள் மிகுதி. முழு பூஸ்டில் 0.80 முதல் 0.85 வரை இருப்பது இந்த வெயிலுக்கு ஏற்றது. நேரடித் தெளிப்பு இன்ஜினில் உயரழுத்தப் பம்பே முதலில் மூச்சுத் திணறும் பாகம் என்பதால், ஈசியூ கேட்ட ரெயில் அழுத்தத்தையும் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் குழாயின் அழுத்தம்) கிடைத்த அழுத்தத்தையும் ஒரே வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். உயர் ஆர்பிஎம்மில் இரண்டாவது கோடு தொய்ந்தால் பூஸ்டைக் குறைப்பதே மருந்து. ஒவ்வொரு சிலிண்டருக்கும் நாக்கிங் காரணமாக டைமிங் எத்தனை டிகிரி பின்வாங்கியது என்ற பதிவும் வேண்டும்: எப்போதாவது ஓரிரு டிகிரி என்றால் இயல்பு, ஒரே சிலிண்டரில் திரும்பத் திரும்ப 3, 4 டிகிரி என்றால் மேப் பேராசைப்படுகிறது. இந்தப் பதிவுகளை டைனோவில் (காரை நின்ற இடத்திலேயே உருளைமேல் ஓட்டி அளக்கும் கருவி) எடுங்கள். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலம் போய்விட்டது. இன்றைய எண்ணூர் சாலையில் மூன்றாம் கியரை முழுதாக இழுத்துப் பார்ப்பது லாரிக்கடியில் முடியும். முடிந்தால் மே மாதப் பிற்பகலில் டியூன் செய்யுங்கள். மார்கழிக் காலையில் எழுதிய மேப் மார்கழிக் காலைக்கு மட்டுமே நல்லது.

ரீமேப் உத்தரவாதத்தையும் காப்பீட்டையும் பாதிக்கக் கூடியது என்பதைத் தெரிந்தே இறங்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகன மாற்றங்களுக்கு எல்லை வகுத்திருக்கிறது.

பாகங்களுக்கு வருவோம். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான கார் என்றால் ரப்பர் ஹோஸ், ஓ-ரிங், டேங்கிலுள்ள பம்பின் சீல் ஆகியவை இ20க்குப் பொருந்துமா என்று தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐயமிருந்தால் எத்தனாலைத் தாங்கும் ஃப்ளோரோஎலாஸ்டோமர் சீலும் பிடிஎஃப்இ உள்ளுறை கொண்ட ஹோஸும் போடலாம். எத்தனால் பழைய டேங்கின் படிவுகளைக் கரைத்துக் கொண்டுவரும் என்பதால், மாறிய முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பின் ஃபில்டரை ஒரு முறை மாற்றுவது நல்லது. ஸ்பார்க் பிளக் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். நாக்கிங்கைத் தாங்கும் எத்தனால், சூடான புள்ளியால் முன்கூட்டியே தீப்பிடிப்பதைத் தாங்காது. ஆகவே ஒரு படி குளிர்ந்த வெப்ப எண் கொண்ட பிளக், 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் இடைவெளி.

இன்ஜின் ஆயிலை ஏபிஐ எஸ்பி தரத்தில் வாங்குங்கள். சிறிய டர்போ இன்ஜின்களில் குறைந்த வேகத்தில் நேரும் முன்தீப்பிடிப்பைச் சோதித்து வகுத்த தரம் அது. தண்டையார்பேட்டையிலிருந்து ராயபுரம் வரை போய்த் திரும்பும் சிற்றோட்டங்களில் ஆயில் முழுச் சூடு அடைவதில்லை. எரியாத எத்தனாலும் நீராவியும் அதில் தங்கி, மூடியின் அடியில் வெண்ணெய்போலப் படியும். வாரத்துக்கு ஒரு முறையாவது செங்குன்றம் தாண்டி முக்கால் மணி நேரம் சீராக ஓட்டினால் அது ஆவியாகிப் போகும். 15,000 கிலோமீட்டர் என்று கையேடு சொன்னாலும் நான் 6,000த்தில் மாற்றிவிடுகிறேன். எண்ணூர் சாம்பலும் மணலிப் புழுதியும் உள்ள ஊரில் திறந்த கூம்பு ஏர் ஃபில்டர் வைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

இனிப் பருவங்கள். அமெரிக்க, ஸ்வீடன் வழிகாட்டிகள் குளிர்காலத்தில் இன்ஜின் எழாமல் போவதைப் பற்றியே பக்கம் பக்கமாகப் பேசும். அங்கே விற்கும், 85 சதவீதம் வரை எத்தனால் உள்ள இ85இலேயே குளிர்காலத்தில் எத்தனாலைக் குறைத்துவிடுவார்கள். மார்கழியிலும் 20 டிகிரிக்கு அருகில் நிற்கும் நமக்கு அந்த அத்தியாயம் முழுவதும் தேவையில்லை. பல ஆண்டுகள் 27 சதவீதம் கலந்து ஓட்டிய பிரேசில்தான் நமக்குப் பக்கத்து வீடு. இ85 ஆசையில் ஸ்பிரிட்டைக் கேனில் வாங்கி வீட்டிலேயே கலக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் அது மதுவிலக்குச் சட்டத்தின் உரிமத்துக்கு உட்பட்ட பொருள், அந்தக் கேனில் மெத்தனால் எவ்வளவு என்பதும் உங்களுக்குத் தெரியாது.

நம் எதிரி தண்ணீர். காற்றின் ஈரம் டேங்குக்குள் புகுந்து பெட்ரோலைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் மிகைப்பட்டது: மூடிய டேங்கில் அது மிக மெதுவாக நடக்கும், வாரம் ஒரு முறை நிரப்புகிறவருக்குப் பொருட்டே அல்ல. மூன்று வாரம் வெளியூர் போவதானால் டேங்கை நிரப்பிவைத்துப் போங்கள், போதும். ஆபத்து பங்கின் நிலத்தடித் தொட்டியில் இருக்கிறது. இ10 லிட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லி தண்ணீரைத்தான் தாங்கும், இ20 அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். அந்த எல்லை தாண்டியதும் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு அடியில் தங்கிவிடும். பம்பு முதலில் உறிஞ்சுவது அந்த அடியை. மேலே மிஞ்சும் பெட்ரோலோ ஆக்டேன் இழந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்த வாரம், தாழ்வான இடத்திலிருந்த ஒரு பங்கில் நிரப்பிவிட்டு நானூறு மீட்டர்கூட ஓட்டவில்லை, கார் குலுங்கி நின்றது.

அதன் பிறகு வடகிழக்குப் பருவமழைக்கென ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறந்ததும் டேங்க் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. கனமழைக்குப் பின் நான்கு நாள் மேட்டுப்பாங்கான பங்கில் மட்டுமே நிரப்புகிறேன். டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருந்தால் காத்திராமல் போய்விடுகிறேன். நீர் கண்டறியும் பசை தடவிய கோலை விட்டுக் காட்டும்படி கேட்கிறேன். முகம் சுளிப்பார்கள், காட்டுவார்கள். முதல் அரை லிட்டரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்ப்பது இன்னும் நல்லது. கலங்கலாகவோ அடியில் தனி அடுக்காகவோ தெரிந்தால் அங்கே நிரப்ப வேண்டாம்.

ஏற்கெனவே நிரப்பிவிட்டீர்கள் என்றால் இன்ஜினை மறுபடி இயக்கிப் பார்க்காதீர்கள், மேலே நல்ல பெட்ரோல் ஊற்றிக் கலந்துவிடலாம் என்றும் எண்ணாதீர்கள். கட்டி இழுத்துச் சென்று டேங்கை முழுதாக வடித்து, குழாயில் தங்கியதையும் வெளியேற்றி, ஃபில்டரை மாற்றி, நம்பிக்கையான பங்கில் பத்து லிட்டர் நிரப்பி, கண்ணாடிக் குழாயில் அளந்து, ஈசியூ பழகிவைத்த எரிபொருள் திருத்தமான ஃப்யூயல் ட்ரிம்மை அழித்து, ஐம்பது கிலோமீட்டர் பூஸ்ட் ஏறாமல் ஓட்டுங்கள். ட்ரிம் எண்கள் பழைய இடத்துக்கு வந்து நின்ற பிறகு ஒரு முறை நாக்கிங் பதிவு எடுத்து, புயலுக்கு முந்தைய பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதன் பின்னர் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தலாம்.