நடந்து பாருங்கள், பிறகு வாங்குங்கள்: அலுவலகக் கட்டடத்துக்குக் கம்பியில்லாத் தொலைபேசி

"மூன்று முறை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை" என்று வாடிக்கையாளர் கோபிக்கிறார். எடுக்க வேண்டியவர் அப்போது கீழே கிடங்கில் உதிரிபாகம் தேடிக்கொண்டிருந்தார். தொலைபேசி மேலே மேஜையில் தனியாக அலறிக்கொண்டிருந்தது. கம்பியில்லாத் தொலைபேசி கேட்டு என்னிடம் வருகிற அலுவலகங்கள் பெரும்பாலும் இந்தப் புகாரோடுதான் வருகின்றன.

கோவையில் மோட்டார் பம்பு விற்கும் ஒரு நிறுவனத்துக்கு நான் செய்து கொடுத்த வேலையை வைத்தே இதை விளக்குகிறேன். தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட கட்டடம். ஒவ்வொரு தளமும் ஏறக்குறைய 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். தரைத்தளத்தில் வரவேற்பும் கிடங்கும், முதல் மாடியில் சேவைப் பிரிவு, இரண்டாவதில் கணக்கு, மூன்றாவதில் கூட்ட அறையும் சாப்பாட்டுக் கூடமும். மொத்தம் 40 ஹேண்ட்செட்கள்.

முதல் படி: எந்த முறை என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இருக்கிற வைஃபையிலேயே பேசுவது. மற்றொன்று, கம்பியில்லாத் தொலைபேசிக்கென்றே உள்ள டெக்ட் என்ற தனி முறை. வைஃபை குரலுக்கென்று திட்டமிட்டு நெருக்கமாக அமைக்கப்பட்டிருந்தால் முதல் வழி சரி. பெரும்பாலான அலுவலகங்களில் அப்படி இருப்பதில்லை. மின்னஞ்சல் பார்க்கப் போதுமான வைஃபை, நடந்துகொண்டே பேசுவதற்குப் போதாது. அதனால் நான் டெக்ட் பக்கம்தான் சாய்வேன்.

டெக்ட் 1992-இல் ஐரோப்பாவில் தரப்படுத்தப்பட்ட முறை. 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை அதற்கென்று ஒரு அலைவரிசை. அதில் பத்து அலைகள்; ஒவ்வோர் அலையிலும் நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி ஒரே சமயத்தில் 12 பேச்சுகள். எந்த அலை, எந்தத் துண்டு என்பதை ஹேண்ட்செட்டே தேடி எடுத்துக்கொள்ளும். வைஃபையைப் போல நாம் உட்கார்ந்து சேனல் ஒதுக்க வேண்டியதில்லை. பக்கத்து அலுவலக வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் வேறு அலைவரிசையில் இருப்பதால் தொந்தரவில்லை. இந்த டெக்ட் முறைக்குச் சென்னையோடும் ஓர் உறவு உண்டு. ஐஐடி மெட்ராஸின் டெனெட் குழு, மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து இதை அடிப்படையாக வைத்து 1990-களில் உருவாக்கிய கார்டெக்ட், கிராமங்களுக்குத் தொலைபேசியையும் இணையத்தையும் கம்பியில்லாமல் கொண்டுபோனது.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் வாங்கி வந்த "டெக்ட் 6.0" கருவிகளைப் பொருத்தாதீர்கள். அவை 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. இங்கே 1920-இலிருந்து மேலே கைபேசி நிறுவனங்களின் அலைவரிசை தொடங்குகிறது. உங்கள் இன்டர்காம் பக்கத்து கைபேசிக் கோபுரத்துக்கு இரைச்சலாகப் போய்ச் சேரும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு ஒப்புதல் அளித்த கருவியா என்று விற்பவரிடம் கேட்டு, ஒப்புதல் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஆட்களை எண்ணாதீர்கள், பேச்சை எண்ணுங்கள்

40 ஹேண்ட்செட் என்பதால் வெளியே பேச 40 இணைப்புகள் வேண்டும் என்று முதலாளிகள் பயப்படுவார்கள். டென்மார்க்கின் ஏ. கே. எர்லாங் நூறாண்டுகளுக்கு முன்பே இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஓர் இணைப்பு ஒரு மணி நேரம் முழுக்கப் பேச்சில் இருந்தால் அது ஓர் எர்லாங்.

பம்பு அலுவலகத்தில் நெரிசலான நேரம் காலை 10 முதல் 11 வரை. அந்த ஒரு மணி நேரத்தில் சேவைப் பிரிவின் 15 பேர் ஆளுக்கு 12 நிமிடம் பேசினார்கள்: 180 நிமிடம். மற்ற 25 பேரும் சேர்ந்து 60 நிமிடம். மொத்தம் 240 நிமிடம், அதாவது 4 எர்லாங். எர்லாங் அட்டவணையில் பார்த்தால், 4 எர்லாங்குக்கு 9 இணைப்பு வைத்தால் நூறில் ஓர் அழைப்புக்குச் சற்று மேல் இடம் கிடைக்காமல் போகும். 10 வைத்தால் இருநூறில் ஒன்று. பத்து போதும் என்று முடிவு செய்தோம். 40 இணைப்புக்கு மாத வாடகை கட்டத் தயாராக இருந்த மனிதர் அன்று எனக்கு இரண்டாவது காபி வாங்கிக் கொடுத்தார்.

இதே கணக்கைத் தளவாரியாகவும் போடுங்கள். ஹேண்ட்செட்களோடு அலையில் பேசும் சுவர்க் கருவிதான் பேஸ் ஸ்டேஷன், சுருக்கமாக பேஸ். ஒரு பேஸ் எத்தனை பேச்சைத் தாங்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். எட்டு, பத்து என்று விவரத்தாளில் இருக்கும். சேவைப் பிரிவின் 3 எர்லாங்கை எட்டு பேச்சு தாங்கும் ஒரே பேஸும் சமாளித்துவிடும், ஆனால் விளிம்பில்தான். அங்கே இரண்டு வைத்தோம்.

மூன்றாம் படி: வரைபடத்தில் பென்சில்

ஒவ்வொரு தளத்தின் வரைபடத்தையும் அச்செடுங்கள். கான்கிரீட் சுவர், லிஃப்ட், படிக்கட்டு, ஜெனரேட்டர் அறை, இரும்பு அடுக்குகள், குளிர்சாதனத் தகரக் குழாய்கள், வெயில் தடுக்கும் படலம் ஒட்டிய கண்ணாடி ஆகியவற்றைக் குறியுங்கள். ஜிப்சம் தடுப்பை அலை எளிதில் கடந்துவிடும். செங்கல் சுவர் கொஞ்சம் குறைக்கும். கம்பி கட்டிய கான்கிரீட் நிறைய விழுங்கும். உலோகம் திருப்பி அனுப்பிவிடும். பேஸ் எங்கே வரலாம் என்று பென்சிலால் மட்டும் வட்டம் போடுங்கள். பேனா வேண்டாம், எப்படியும் அழிப்பீர்கள்.

நான்காம் படி: நடை

விவரத்தாளில் "கட்டடத்துக்குள் 50 மீட்டர், வெளியே 300 மீட்டர்" என்று இருக்கும். என் முதல் வேலையில் இதை நம்பி, தளத்துக்கு ஒன்று என்று நடுவில் மாட்டிவிட்டு வந்தேன். மறுநாளே அழைப்பு வந்தது: படிக்கட்டில் இறங்கினால் பேச்சு அறுந்துபோகிறது. என் கைக்காசில் மூன்று பேஸ் கூடுதலாக வாங்கி மாட்டினேன். அதன்பிறகு நடந்து பார்க்காமல் விலைப்பட்டியல் கொடுப்பதில்லை.

தேவையானவை: ஒரு பேஸ், அதை உயரத்தில் நிறுத்த ஒரு முக்காலி, மின்சாரத்துக்கு ஒரு பேட்டரி, இரண்டு ஹேண்ட்செட், கூட ஓர் ஆள். பெரும்பாலான அலுவலக ஹேண்ட்செட்களில் அளவீட்டு மெனு ஒன்று இருக்கும். எந்த பேஸை எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று டிபிஎம் அளவில் காட்டும். எண்கள் மைனஸில் வரும். மைனஸ் 60 நல்லது, மைனஸ் 70 போதும், மைனஸ் 80-இல் குரல் உடையத் தொடங்கும். பத்து எண் குறைந்தால் பலம் பத்தில் ஒன்றாகிவிட்டது என்று பொருள். மைனஸ் 60-க்கும் 70-க்கும் இடையே இருப்பது சின்ன வித்தியாசம் என்று எண்ணிவிடாதீர்கள்.

நடுவிலிருந்து தொடங்காதீர்கள். கட்டடத்தின் மோசமான மூலையிலிருந்து தொடங்குங்கள். அந்த மூலையில் மைனஸ் 70 கிடைக்கும்படி பேஸை எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்று நகர்த்திப் பாருங்கள். அந்த இடம் கிடைத்ததும் எதிர்ப்பக்கம் நடந்து, மைனஸ் 70 எங்கே முடிகிறது என்று வரைபடத்தில் கோடு போடுங்கள். அடுத்த பேஸின் எல்லை இந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வர வேண்டும். எட்டு மீட்டராவது இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழட்டும். ஒரு பேஸை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது ஹேண்ட்செட்டின் முடிவு. அது யோசித்துத் தாவ நேரம் வேண்டும். நடப்பவருக்கு எட்டு மீட்டர் என்பது ஆறேழு விநாடி.

அளக்கும்போது ஹேண்ட்செட்டைக் காதில் வைத்து நடந்து, நின்று, பிறகு எண்ணைப் பாருங்கள். உடம்பும் அலையை மறைக்கும். பேஸுக்கு முதுகு காட்டியும் ஒரு முறை அளக்க வேண்டும். கதவுகளை, முக்கியமாகத் தீத்தடுப்புக் கதவுகளை, மூடிவிட்டு அளவெடுங்கள். வேலை நாளில் செய்யுங்கள். பம்பு அலுவலகத்தில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடங்கை அளந்தேன். அடுக்குகள் பாதி காலி. ஒரே பேஸ் போதும் என்று எழுதினேன். செவ்வாய்க்கிழமை இரண்டு லாரி வார்ப்பிரும்புப் பம்புகள் வந்து இறங்கின. புதன்கிழமை பார்த்தால் கடைசி இரண்டு வரிசைகளில் மைனஸ் 88. நல்ல வேளையாக அதுவரை எதையும் மாட்டவில்லை. கிடங்குக்கு மட்டும் இரண்டு பேஸ் என்று திருத்தினேன்.

முடிவில் தரைத்தளத்துக்கு மூன்று, முதல் மாடிக்கு இரண்டு, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்று: எட்டு. விவரத்தாள் கணக்கில் நான்குதான் வந்திருக்கும். இரண்டாம் மாடியின் ஒரு பேஸை அறைக்குள் வைக்காமல் படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்தோம். லிஃப்டுக்கு மட்டும் நான் வாக்குக் கொடுப்பதில்லை. "லிஃப்டுக்குள் பேச்சு அறுபடலாம்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வேன்.

ஐந்தாம் படி: எல்லா பேஸும் ஒரே தாளத்தில்

புதியவர்கள் சறுக்கும் இடம் இது. நேரத்தைத் துண்டு போட்டுப் பேசும் முறை என்பதால், எல்லா பேஸ்களின் கடிகாரமும் ஒன்றாகத் துடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹேண்ட்செட் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ முடியாது. எளிய வழி, ஒரு பேஸைத் தலைவனாக வைத்து மற்றவை வான்வழியே அதன் தாளத்தைக் கேட்டுப் பின்பற்றுவது. ஆகவே பேஸ் ஹேண்ட்செட்டுக்குக் கேட்டால் மட்டும் போதாது, பேஸ் பேஸுக்கும் கேட்க வேண்டும். மைனஸ் 75-ஐ விட மோசமாக விடாதீர்கள். இதையும் நடையின்போதே அளந்துவிடலாம்: பென்சில் வட்டத்தின் இடத்தில் நின்று, அடுத்த பேஸ் எவ்வளவு கேட்கிறது என்று பாருங்கள்.

தலைவனைக் கட்டடத்தின் நடுவில் வையுங்கள். எங்களுக்கு அது முதல் மாடி நடுப்பகுதி. தரைத்தளத்துக் கோடியில் வைத்திருந்தால் தாளம் மூன்றாம் மாடிக்குப் போக நான்கு கை மாறியிருக்கும். இடையில் ஒன்று அணைந்தால் அதற்கு மேலே உள்ளவை அனைத்தும் குருடாகும். முடிந்தவரை ஒவ்வொரு பேஸுக்கும் இரண்டு அண்டை வீட்டார் கேட்கட்டும். லேன் கேபிள் வழியாகவே தாளம் அனுப்பும் முறையும் உண்டு. அதற்கு ஸ்விட்ச்சுகள் ஒத்துழைக்க வேண்டும். முதல் வேலைக்கு வேண்டாம்.

ஆறாம் படி: கேபிளும் மின்சாரமும்

ஒவ்வொரு பேஸுக்கும் கேட்-6 கேபிள் ஒன்று, பிஓஇ ஸ்விட்ச்சிலிருந்து (லேன் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் ஸ்விட்ச்). ஸ்விட்ச்சிலிருந்து பேஸ் வரை 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதனால் சுவரில் தனிப் பிளக் தேவையில்லை. பேஸை ஆள் உயரத்துக்கு மேலே, திறந்த சுவரில் மாட்டுங்கள். அழகு கெடுகிறது என்று உள்அலங்காரம் செய்பவர் அதை ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒளிக்கச் சொல்வார். அங்கேதான் தகரக் குழாய்கள் எல்லாம் ஓடுகின்றன. மறுத்துவிடுங்கள்.

பிஓஇ ஸ்விட்ச், ரவுட்டர், அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் தொலைபேசி சர்வர் மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் ஜெனரேட்டர் கிளம்பும் அந்த அரை நிமிடத்தில் எல்லாப் பேச்சும் அறுந்துவிடும்.

ஏழாம் படி: எண்களும் அமைப்பும்

குரலுக்குத் தனி விலேன் (அதே கேபிளில் பிரித்து வைத்த தனிப் பாதை) ஒன்று போட்டு, குரல் பொட்டலங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். அந்த முன்னுரிமையைக் குறிக்கும் டிஎஸ்சிபி எண் 46. லேனும் இணையமும் இதைத் தாங்குமா என்று கவலை வேண்டாம்: ஒரு பேச்சுக்கு ஒரு திசையில் ஏறக்குறைய 87 கிலோபிட், பத்து பேச்சும் சேர்ந்து ஒரு மெகாபிட்டைத் தொடாது. தொல்லை தருவது அளவைவிட வரிசைதான். யாரோ பெரிய கோப்பு அனுப்பும்போது குரல் பின்னால் நின்றுவிடக் கூடாது. ரவுட்டரில் "எஸ்ஐபி ஏஎல்ஜி" என்று, அழைப்புச் செய்திகளில் உள்ள முகவரியை மாற்றி எழுதும் ஒரு வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது என்ற புகாருக்கு நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

எக்ஸ்டென்ஷன் எண்களைத் தளவாரியாகக் கொடுக்காதீர்கள். ஆள் நடமாடத்தானே கம்பியை எடுத்தோம். பிரிவுவாரியாகக் கொடுங்கள்: சேவைக்கு 200 வரிசை, கணக்குக்கு 300 வரிசை. ஹேண்ட்செட்டைச் சேர்க்கும் ரகசிய எண் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் 0000 என்றே இருக்கும். மாற்றுங்கள். 40-ஐயும் சேர்த்து முடித்ததும் பதிவு வசதியை மூடிவிடுங்கள்.

எட்டாம் படி: எண்ணிக்கொண்டே நடங்கள்

ஒருவர் வரவேற்பில் அமர்ந்து ஒன்றிலிருந்து நூறு வரை சீராக எண்ணட்டும். மற்றொருவர் அதைக் கேட்டுக்கொண்டே எல்லாத் தளங்களையும் படிக்கட்டுகளையும் சுற்றி வரட்டும். "முப்பத்தேழு"க்கு அடுத்து "முப்பத்தொன்பது" கேட்டால் நின்ற இடத்தைக் குறியுங்கள். "ஹலோ, கேட்கிறதா" என்று சோதித்தால் இந்த ஓட்டைகள் தெரியாது. பிறகு பத்துப் பேரைப் பிடித்து ஒரே சமயத்தில் வெளியே அழைக்கச் சொல்லுங்கள். ஒரு பேஸின் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். கணக்குப் பிரிவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு.

ஒவ்வொரு பேஸிலும் எண் ஒட்டி, அதே எண்ணை வரைபடத்தில் எழுதி, ஸ்விட்ச் இருக்கும் ரேக்கின் கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள். சார்ஜர்களுக்கு இரவிலும் மின்சாரம் இருக்கும் தனி லைன் கேளுங்கள். பம்பு அலுவலகத்தில் காவலாளி சனிக்கிழமை மாலை ஒவ்வொரு மாடியிலும் மெயினை அணைத்துவிட்டுப் போவார். முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, எட்டு பேஸும் பச்சை விளக்கோடு ஜம்மென்று நின்றன. நாற்பது ஹேண்ட்செட்டில் முப்பத்தொன்றில் உயிரில்லை.