பூட்டியதாக நினைத்த கதவு: சர்வர் லாகினில் நாம் செய்யும் தவறுகள்

புதிதாக ஒரு விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் தனி விர்ச்சுவல் சர்வர்) வாங்கி, டீ குடித்துவிட்டு வந்து, நுழையப் பார்த்தவர்களின் கணக்கு பதிவாகும் லாக் ஃபைலைத் திறந்து பாருங்கள். ரூட், அட்மின், டெஸ்ட், ஒராக்கிள் என்று வரிசையாகப் பெயர் போட்டு யாரோ நுழையப் பார்த்திருப்பார்கள். டொமைன்கூட இன்னும் வாங்கியிருக்க மாட்டீர்கள். "நம்ம குட்டி சைட்டை யார் சீண்டப் போறாங்க?" என்று இருப்பதுதான் முதல் தவறு. ஐபி முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போகும் 'பாட்' என்ற தானியங்கி நிரலுக்கு உள்ளே வங்கியா வளையல் கடையா என்பது தெரியாது. புகுந்தால் ஸ்பாம் அனுப்பலாம், அங்கிருந்தே அடுத்த சர்வரைத் தட்டலாம். அது போதும் அதற்கு.

தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் போர்ட்டை (வாசல் எண்ணை) 22-லிருந்து மாற்றினால் லாகில் இரைச்சல் குறையும், அவ்வளவுதான். திரும்பத் திரும்பத் தப்பாகத் தட்டும் ஐபியைத் தடுக்கும் ஃபெயில்டுபேன் நல்லதே, ஆனால் ஆயிரம் ஐபிகளிலிருந்து ஆளுக்கு இரண்டு முறை தட்டினால் அதன் கணக்கில் யாருமே சிக்க மாட்டார்கள். பாஸ்வேர்ட் லாகினையே நிறுத்திவிட்டு, கீ (உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் ரகசியச் சாவி ஃபைல்) வைத்து மட்டும் நுழைவதுதான் நிஜமான பூட்டு.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எஸ்எஸ்எச்சின் கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலில் பாஸ்வேர்டுக்கு 'நோ' போட்டு, ரீஸ்டார்ட் செய்து, நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். உபுண்டு லினக்ஸில் அந்த ஃபைலின் தலைப்பகுதியிலேயே இன்னொரு ஃபோல்டரில் உள்ள ஃபைல்களைச் சேர்க்கும் வரி இருக்கிறது. கிளவுட் சர்வர்களில் அந்த ஃபோல்டரில் சர்வர் முதல்முறை எழும்போது அமைப்புகளைச் செய்துதரும் கிளவுட்-இனிட் வைத்த ஃபைல் ஒன்று இருக்கக்கூடும். அதில் 'யெஸ்' இருந்தால் போச்சு. எஸ்எஸ்எச் முதலில் படித்ததையே எடுத்துக்கொள்ளும். பின்னால் வரும் உங்கள் 'நோ' வீண். அதனால் கீ இல்லாத வேறு கம்ப்யூட்டரிலிருந்து நுழைந்து பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் கதவு திறந்தே இருக்கிறது. இதையெல்லாம் செய்யும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலை மூடிவிடாதீர்கள். நீங்களே வெளியே நிற்க வேண்டிவரும்.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் (பலர் ஒரே சர்வரைப் பகிரும் இடத்தில்) வேர்ட்பிரஸ் என்ற தளம் நடத்தும் மென்பொருளை வைத்திருப்பவர்கள் பாடு வேறு. 2013 ஏப்ரலில் 'அட்மின்' என்ற பயனர்பெயரைக் குறிவைத்து வேர்ட்பிரஸ் தளங்கள்மீது பெரிய அலையாகத் தாக்குதல் வந்தது. அதிலிருந்து எல்லோரும் பெயரை மாற்றுகிறார்கள், சரி. ஆனால் தள முகவரியோடு 'ஆத்தர் 1' (?author=1) என்று சேர்த்துக் கேட்டாலே, புதுப் பெயரையும் பல தளங்கள் தாங்களாகவே சொல்லிவிடும். பெயரை ரகசியம் என்று நம்பிப் பாஸ்வேர்டை எளிதாக வைக்காதீர்கள்.

லாகின் பக்கத்துக்கு மட்டும் காவல் போட்டு, வெளி ஆப்கள் வேர்ட்பிரஸோடு பேசப் பயன்படும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி ஃபைலை மறப்பது இன்னொன்று. அதுவும் பாஸ்வேர்ட் வாங்கும் வாசல்தான். பாட் உள்ளே வராவிட்டாலும் ஒவ்வொரு தட்டலுக்கும் வேர்ட்பிரஸை இயக்கும் பிஎச்பி எழுந்து டேட்டாபேஸைக் கேட்கிறது. சிபியு வரம்பு தீர்ந்து தளம் படுத்துவிடும். பாதுகாப்புப் பிளகின் தடுப்பதும் பிஎச்பி எழுந்த பிறகுதான். பிஎச்பிக்கு முன்பே வெப் சர்வர் படிக்கும் எச்டிஆக்சஸ் ஃபைலிலேயே மறித்தால் அந்தச் செலவு மிச்சம்.

கடைசியாக, ஃபைல் மேனேஜரைத் திறந்து 'ஓல்டு', 'டெஸ்ட்' என்ற பெயரில் ஃபோல்டர் கிடக்கிறதா பாருங்கள். எப்போதோ முயன்று பார்த்து மறந்த வேர்ட்பிரஸ் அதில் இருக்கும், பாஸ்வேர்டும் அந்தக் காலத்துப் பாஸ்வேர்டுதான். ஒரே அக்கவுண்டில் இருப்பதால், அதில் புகுந்தவனுக்கு மற்ற எல்லாத் தளங்களின் ஃபைல்களும் கைக்கெட்டும் தூரத்தில்.