வேலூர்ப் பகுதியிலிருந்து வெளிநாடு சென்று வருவோர் சுங்கச் சோதனைக்கு ஆயத்தமாவது எப்படி?

வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி வட்டாரத்தினர் பெரும்பாலும் சென்னை அல்லது பெங்களூரு விமான நிலையம் வழியாகவே வெளிநாடு சென்று திரும்புகின்றனர். அங்கே சுங்க அதிகாரி எழுப்பும் கேள்விகளுக்கான விடைகளை வீட்டில் பெட்டி கட்டும்போதே தேடிக்கொள்வது நல்லது.

வளைகுடாவில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வீட்டு மசாலாப் பொடி கொடுத்தனுப்புவோர், அதில் கசகசா கலந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நாம் குருமாவுக்கு அரைத்துச் சேர்க்கும் கசகசா, ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் தடைசெய்யப்பட்ட பொருள். தெரியாமல் கொண்டுவந்தேன் என்ற விளக்கம் அங்கே எடுபடாது. ஆஸ்திரேலியாவுக்குச் செல்வோர் ஆற்காடு மக்கன் பேடா போன்ற பால் இனிப்புகளைத் தவிர்க்க வேண்டும். மற்ற உணவுப் பொருள்களையும் வருகைப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிட வேண்டும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல், மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். டிரமடால், கோடீன் என்னும் வலிநிவாரணிகள் கலந்த மருந்துகளுக்கு அமீரகத்தில் முன் அனுமதி தேவை. அடுத்த வீட்டார் தரும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அவர்கள் மனம் வருந்தினாலும் பரவாயில்லை, பெட்டியில் இருப்பதற்குப் பொறுப்பு அதைச் சுமப்பவருடையதே.

நகைதான் மிகுந்த கவனம் வேண்டுவது. இங்கிருந்து அணிந்து சென்ற நகையைத் திரும்பி வரும்போது வெளிநாட்டில் வாங்கியதல்ல என்று மெய்ப்பிக்க வேண்டிய நிலை வரலாம். எனவே புறப்படும் நாளில் சற்று முன்னதாகவே சென்று, கடை ரசீதையும் மதிப்பீட்டாளர் சான்றையும் காட்டி, சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொள்ள வேண்டும். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்புவோரில் பெண்களுக்கு 40 கிராம், மற்றவர்களுக்கு 20 கிராம் என்பது நகைக்கான தீர்வையற்ற (சுங்க வரி இல்லாத) எடை வரம்பு. தங்கக் கட்டிக்கும் நாணயத்துக்கும் இச்சலுகை இல்லை.

ஆரணிப் பட்டுச் சேலையோ ஆம்பூர்த் தோல் காலணியோ ஒரே வகையில் பலவாக இருந்தால் அவை வணிகச் சரக்காகக் கருதப்படலாம் என்பதால், உரிய ஆவணங்கள் உடனிருக்க வேண்டும்.

இந்தியாவுக்குள் 5,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் வெளிநாட்டு நோட்டுகள் கொண்டுவருவோர் அதை அறிவிக்க வேண்டும். ஐயம் இருந்தால், அறிவிக்க ஏதுமில்லாதோருக்கான பச்சை வழியை விட்டு, அறிவிப்போருக்கான சிவப்பு வழியில் செல்லுங்கள். உண்மையாக அறிவித்த பொருளுக்குத் தீர்வை கட்ட விருப்பமில்லையெனில், 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி அதைச் சுங்கத்தின் காவலில் ஒப்படைத்து, நாட்டை விட்டுத் திரும்பும்போது பெற்றுக்கொள்ள அனுமதி கோரலாம், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.