வலிப்பு உள்ள பெண்கள் எந்த வயதில் எதைக் கவனிக்க வேண்டும்

பெண் வயதுக்கு வந்ததிலிருந்தே வீட்டுக் காலண்டரில் மாதவிடாய் நாட்களை வட்டமிட்டு, வலிப்பு வந்த நாளில் ‘வ’ என்று எழுதி வையுங்கள். சிலருக்கு மாதவிடாயை ஒட்டித்தான் வலிப்பு கூடும், அந்தக் காலண்டரைப் பார்த்தாலே நரம்பியல் மருத்துவருக்குப் புரிந்துவிடும்.

அவள் சாப்பிடுவது வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்து என்றால் வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று இப்போதே கேளுங்கள். கர்ப்பத்தில் இதை எடுத்தால் பிறக்கும் 10 குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடும், 3 அல்லது 4 பேருக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் சிக்கலும் வரலாம். கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், நாள் தள்ளிப்போனது தெரிவதற்குள்ளேயே குழந்தையின் உறுப்புகள் உருவாகத் தொடங்கிவிடும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

கல்யாணம் பேசும்போது தயவுசெய்து மறைக்காதீர்கள். மறைத்தால் புகுந்த வீட்டில் மாத்திரையையும் ஒளித்துத்தான் விழுங்க வேண்டும், புது இடத்தில் தூக்கமும் கெட்டு வேளையும் தவறினால் வலிப்பு வராமல் என்ன செய்யும்? இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாகச் சொன்ன வார்த்தையையே 1999ல் எடுத்துவிட்டார்கள்.

குழந்தை இப்போது வேண்டாம் என்றால், கார்பமசெபின், ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மருந்துகள் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும், காப்பர் டி-க்கு அந்தப் பிரச்சினை இல்லை. வேண்டும் என்றால் கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு என்று மருத்துவர் சொல்வார். லாமோட்ரிஜின், லெவெட்டிராசெட்டம் என்ற வலிப்பு மருந்துகள் இரண்டும் கர்ப்பத்தில் ஓரளவு பாதுகாப்பானவை, ஆனால் மாதம் ஏற ஏற ரத்தத்தில் அவற்றின் அளவு இறங்கும், அதனால் டோஸைக் கூட்டி, பிரசவத்துக்குப் பின் மறுபடி குறைப்பார்கள். வலிப்பு உள்ள பெரும்பாலான தாய்மார்களுக்கு நல்லபடியாகவே குழந்தை பிறக்கிறது.

தாய்ப்பாலும் பெரும்பாலும் தாராளமாகக் கொடுக்கலாம். பயப்பட வேண்டியது தூக்கமின்மைக்குத்தான், ராத்திரி ஒரு வேளைப் பாலைப் பிழிந்து வைத்து வீட்டில் வேறு யாராவது கொடுக்கட்டும். வலிப்பு வந்தாலும் குழந்தைக்கு அடிபடாதபடி பாயில் உட்கார்ந்து பால் கொடுங்கள், தனியாக இருக்கும்போது குழந்தையைக் குளிப்பாட்டாதீர்கள்.

மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் வலிப்பு கொஞ்சம் கூடலாம், நின்ற பிறகு சிலருக்குக் குறையும். ஃபெனிடாயின் போன்ற பழைய வகை வலிப்பு மருந்துகளைப் பல வருடம் சாப்பிட்டால் எலும்பு தேயலாம், விழுந்தால் எளிதில் முறியலாம். அதனால் வைட்டமின் டி அளவையும் எலும்பின் அடர்த்தியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், மருத்துவர் தாமாகச் சொல்லாவிட்டாலும்.