நாயோடு கோனி தீவுக் கடற்கரைக்கு: முதன்முறை போகிறவர்களுக்கு

சிங்கப்பூரில் நாயைக் கூட்டிப் போகக் கடற்கரை கேட்டால் பலரும் செந்தோசா தீவின் தஞ்சோங் கடற்கரையைத்தான் சொல்வார்கள். அழகான இடம், ஆனால் வாரயிறுதியில் கூட்டம் தாங்காது. ஆளரவம் குறைந்த மணல் வேண்டுமென்றால் வடகிழக்கில் பொங்கோல் பகுதியை ஒட்டியுள்ள கோனி தீவுக்குப் போங்கள். ஒரு காலத்தில் டைகர் பாம் தைலத்துக்குப் பேர்போன சகோதரர்களுக்குச் சொந்தமாக இருந்த தீவு இது. 2015 அக்டோபரில் பூங்காவாகத் திறந்தார்கள். ஏற்றமில்லாத சமதளப் பாதை என்பதால், 11 வயதான எங்கள் நாய் மணி கூடச் சிரமமில்லாமல் நடக்கிறான்.

முதலில் போக்குவரத்து. எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் நாயை ஏற்ற முடியாது. காரில் போனால் பொங்கோல் செட்டில்மெண்ட் என்ற உணவக வளாகத்தில் நிறுத்திவிட்டு, கடலோரமாக நடந்து மேற்கு வாசலுக்குப் போகலாம். கார் இல்லாதவர்கள் செல்லப்பிராணிகளை ஏற்றும் டாக்சியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், திரும்பி வருவதற்கும் சேர்த்து. வாசல் காலை 7 மணிக்குத் திறக்கும், மாலை 7 மணிக்கு மூடும். திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறினால் மணல் பாதத்தைச் சுடும். புறங்கையை மணலில் வைத்துப் பாருங்கள், நமக்குச் சுட்டால் நாய்க்கும் சுடும்.

அப்புறம் தண்ணீர். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். உள்ளே கடை கிடையாது, குடிநீரை நம்பியும் போக முடியாது. முதல் தடவை நான் ஒரே ஒரு சிறிய பாட்டில் கொண்டு போனேன். அது தீர்ந்ததும் மணி கடல் நீரை நக்கிக் குடித்துவிட்டான். திரும்பும் வழியில் மூன்று முறை வாந்தி. மூச்சிரைத்துக்கொண்டு சவுக்கு மரத்தடியில் படுத்துவிட்டவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தேன். இப்போது அவனுக்கென்றே இரண்டு லிட்டர், ஒரு மடக்குக் கிண்ணம். கால் மணி நேரத்துக்கு ஒரு முறை, அவன் கேட்காமலே கொடுக்கிறேன்.

மணல் ஈக்கள் கடிக்கும். கடித்த இடம் மறுநாள்தான் வீங்கி அரிக்கும், சிலருக்கு நாள்கணக்கில் ஆறாது. முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள்.

A முதல் E வரை ஐந்து கடற்கரைப் பகுதிகள் உண்டு. பிரதான பாதையிலிருந்து மரங்களுக்குள் திரும்பிச் சில அடி நடந்தால் மணல், எதிரே ஜோகூர் நீரிணை. யாருமே இல்லையே என்று வாரை மட்டும் கழற்றிவிடாதீர்கள். நாய் வாரோடுதான் இருக்க வேண்டும் என்பதே விதியும். நீர்நாய்கள் வந்து போகிற கரை இது. குட்டிகளோடு இருந்தால் அவை நாயைக் கடித்துக் குதறிவிடும். கழிவுப் பை நாலைந்து எடுத்துப் போய், நிரம்பியதைக் கையோடு கொண்டு வந்துவிடுங்கள்.

கிளம்புமுன் மிச்சமிருக்கும் தண்ணீரால் நான்கு பாதங்களையும் கழுவுங்கள். விரல் இடுக்கில் மணலும் சவுக்குக் காயின் சிறு துணுக்குகளும் சிக்கியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டி, காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.